உங்கள் இரத்தம் உங்கள் தாடை எலும்புக்கு எவ்வளவு உதவும்?

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 53. வண்டன்மேட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஏலக்காய் ஸ்டோரில் கணக்கெழுதுகிறேன். கீழ்த்தாடையில் இடப்பக்கக் கடைவாய்ப்பல்லை எடுத்து எட்டு மாதம் ஆகிறது. இப்போது மேலே வலப்பக்கக் கடைவாய்ப்பல் வேர்வரை பிளந்துவிட்டது, அதையும் எடுக்க வேண்டும் என்கிறார்கள். இரண்டு இடத்திலும் இம்பிளாண்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) வைக்கலாம். கையிலிருந்து இரத்தம் எடுத்து, இயந்திரத்தில் சுழற்றி, அதில் கிடைக்கும் பொருளை உள்ளே வைத்தால் எலும்பு நன்றாக வளரும். அதற்கு ஓர் இடத்துக்கு 5,000 ரூபாய் தனி என்று எங்கள் ஊர்ப் பல் மருத்துவர் சொல்கிறார். என் மைத்துனர் இதை ஏமாற்று வேலை என்கிறார். எனக்கு ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை. மூன்று மாதச் சராசரி 8.6. இரண்டு ஆண்டுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள், ஆஸ்பிரின் 75 சாப்பிடுகிறேன். பல் எடுக்கப்போகிறார்களே என்று நானாகவே மூன்று நாளாக அதை நிறுத்தி வைத்திருக்கிறேன். பீடி நாளைக்கு ஆறேழு. கையெழுத்துப் போடச் சொன்ன தாள் மலையாளத்தில் இருக்கிறது. எனக்குப் பேச வரும், வாசிக்க வராது. அதில் எலும்புத்தூள் என்று ஏதோ இருப்பதாக மகள் வாசித்துச் சொன்னாள். இரத்தம் எடுப்பதால் கேடு வருமா? இந்த வைத்தியம் உண்மையா? ஏலக்காய்ச் சீசன் முடிந்து தை மாதத்துக்கு மேல் பார்த்துக்கொள்ளலாமா? ஸ்கேன் அறிக்கையின் நகலை இணைத்திருக்கிறேன்.
ஒரு வாசகர், இடுக்கி மாவட்டம்

பதில்: ஐயா, வணக்கம். உங்கள் கடிதத்தில் என்னைப் பதறவைத்தது பல் அல்ல, ஆஸ்பிரின். பதில் அச்சாகி உங்கள் கைக்கு வரும்வரை காத்திருக்க முடியாது என்பதால் கடிதத்தில் இருந்த எண்ணில் அன்றே அழைத்துச் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். ஸ்டென்ட் வைத்தவர்கள் பல் எடுப்பதற்காக ஆஸ்பிரினை நிறுத்தக் கூடாது. பல் எடுத்த குழியில் இரத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கசிந்தால், பஞ்சை வைத்து அழுத்தியும் இரண்டு தையல் போட்டும் நாங்கள் நிறுத்திவிடுவோம். ஸ்டென்டுக்குள் இரத்தம் உறைந்தால் அதை என் நாற்காலியில் வைத்து யாரும் சரிசெய்ய முடியாது. ஆஸ்பிரினோடு, இரத்தம் உறைவதைத் தடுக்கும் இன்னொரு மாத்திரையான குளோபிடோக்ரலும் சேர்த்துச் சாப்பிடுபவர்கள் இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு மாத்திரையைக்கூடத் தள்ளிவைக்க வேண்டாம்.

இனி உங்கள் மைத்துனர் சொன்னதற்கு வருகிறேன். ஏமாற்று வேலை என்று அவர் சொன்னது தவறு. ஆனால் "எலும்பு வளரும்" என்று உங்களிடம் சொன்னதும் முழுச் சரி அல்ல. உங்கள் வாயில் இருக்கும் இரண்டு இடங்களில் ஒன்றுக்கு இது பயன்படும், மற்றொன்றுக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. ஏன் என்று விளக்குகிறேன், கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

டெங்கு வந்த வீடுகளில் எல்லோருக்கும் தட்டணுக்கள் என்ற சொல் பழக்கம். ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்க வேண்டியவை அவை. இரத்தத்தை உறையவைப்பதுதான் அவற்றின் வேலை என்று பொதுவாக நினைக்கிறோம். அது பாதி வேலைதான். ஒவ்வொரு தட்டணுவுக்குள்ளும் சின்னச் சின்னப் பொதிகள் இருக்கின்றன. காயம் பட்ட இடத்தில் அவை உடைந்து, பக்கத்தில் இருக்கும் செல்களை அழைக்கும், பெருகச் செய்யும், புதிய இரத்தக் குழாய்களை முளைக்கவைக்கும் புரதங்களை வெளியே விடுகின்றன. வளர்ச்சிக் காரணிகள் என்று அவற்றைச் சொல்கிறோம். காயம் ஆறுவதன் தொடக்கமே இதுதான். அந்தத் தட்டணுக்களை ஒரே இடத்தில் திரட்டி, காயத்தில் வைத்தால் ஆறுதல் விரைவாகுமே என்ற எண்ணத்தில் பிறந்த முறை இது. ஸ்டெம் செல் சிகிச்சை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், இது அதுவல்ல.

முதலில் வந்தது பி.ஆர்.பி., அதாவது தட்டணு செறிந்த பிளாஸ்மா. அமெரிக்காவில் தாடை அறுவை மருத்துவர் ராபர்ட் மார்க்ஸ் 1998-இல் தாடை எலும்பு ஒட்டுக்களோடு அதைச் சேர்த்துப் பயன்படுத்திய முடிவுகளை வெளியிட்டார். அதில் இரத்தம் உறையாமலிருக்க மருந்து சேர்த்து, இரண்டு முறை சுழற்றி, பிறகு உறையவைக்க வேறு மருந்து சேர்க்க வேண்டும். 2001-இல் பிரான்சில் ஜோசப் சூக்ரூன் அந்த வேலையை எளிதாக்கினார். எந்த மருந்தும் சேர்க்காமல், எடுத்த கையோடு இரத்தத்தைச் சுழற்றுவதுதான் அவருடைய முறை. அதன் பெயர் பி.ஆர்.எஃப்., அதாவது தட்டணு செறிந்த ஃபைப்ரின். உங்கள் மருத்துவர் சொல்வது அநேகமாக இதைத்தான்.

கம்பத்தில் என் மருத்துவமனையில் இதைச் செய்யும்போது நோயாளியின் கண்ணுக்கு எதிரேயே செய்வது வழக்கம். கையிலிருந்து பத்து மில்லிலிட்டர் குழாய்களில் இரண்டு முதல் நான்கு வரை இரத்தம் எடுப்போம். இரத்த தானத்தில் 350 மில்லி எடுக்கிறார்கள். இது அதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். உடம்புக்கு ஒரு கேடும் இல்லை. எடுத்த ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் குழாய்கள் சென்ட்ரிஃபியூஜ் என்னும் சுழற்றும் இயந்திரத்துக்குள் போய்விட வேண்டும். பழைய முறையில் நிமிடத்துக்கு 2,700 சுற்று, பன்னிரண்டு நிமிடம். இப்போது சிலர் வேகத்தைக் குறைத்து ஓட்டுகிறார்கள். நின்றதும் குழாயை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் மூன்று அடுக்கு தெரியும். அடியில் கருஞ்சிவப்பாகச் சிவப்பணுக்கள். மேலே வைக்கோல் நிறத்தில் நீர். நடுவில், நுங்குச் சுளையைப்போல, வெளிர் மஞ்சளில் ஒரு கட்டி. இடுக்கியால் பிடித்து மெதுவாக இழுத்தால் முழுதாக வெளியே வரும். அடியில் ஒட்டியிருக்கும் சிவப்புப் பகுதியைக் கத்தரித்துவிட்டு, ஓட்டையிட்ட எஃகுப் பெட்டியில் வைத்து அழுத்தினால் ஈரத் துணித்துண்டு மாதிரி ஒரு சவ்வு கிடைக்கும். அதுதான் காயத்துக்குள் போகிறது. ஒரு முறை, வந்த புதிதில், குழாயை உள்ளே வைத்த நேரத்தில் மின்சாரம் போய்விட்டது. ஜெனரேட்டர் ஓடுவதற்குள் இரத்தம் அப்படியே குழாயில் உறைந்து, அடுக்கே பிரியவில்லை. அந்தப் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டு மறுபடி ஊசி குத்த வேண்டியதாயிற்று. அதிலிருந்து இன்வெர்ட்டர் விளக்கு எரிகிறதா என்று பார்த்த பிறகே ஊசியைக் கையில் எடுக்கிறேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், "கீழே லேபில் இரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள், குழாயை அனுப்பிவைப்பார்கள்" என்று எங்காவது சொன்னால் அந்த பி.ஆர்.எஃப்.பை நம்ப வேண்டாம். இயந்திரம் அதே அறையில் இருக்க வேண்டும்.

அந்த மஞ்சள் கட்டியில் இருப்பது ஃபைப்ரின் என்னும் நார்வலை. தட்டணுக்களும் வெள்ளணுக்களும் அதற்குள் சிக்கியிருக்கின்றன. நீங்கள் மலை இறங்கி வரும்போது லோயர் கேம்ப் தாண்டியதும் சாலையோரம் பார்த்திருப்பீர்கள், எங்கள் ஊர்த் திராட்சைப் பந்தல்களை. கல்தூண் நட்டு, மேலே கம்பி இழுத்துக் கட்டிய பிறகுதான் கொடி ஏறும். ஃபைப்ரின் வலை அந்தக் கம்பிப் பந்தல். புதிய இரத்தக் குழாய்கள் அதைப் பிடித்துக்கொண்டு ஏறுகின்றன. வலைக்குள் சிக்கிய தட்டணுக்கள் தங்கள் சரக்கை ஒரே நாளில் கொட்டிவிடாமல் ஒரு வாரத்துக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. ஆனால் இந்தப் பந்தல் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் கரைந்துபோகும். எலும்பு முதிர மாதக் கணக்கில் ஆகும். இந்தக் கால வேறுபாட்டை மனதில் வையுங்கள், மற்ற எல்லாம் இதிலிருந்து விளங்கும்.

ஈறுச் சதை ஆறுவதற்கு இரண்டு வாரம் போதும். அதனால்தான் பி.ஆர்.எஃப். வைத்த இடத்தில் ஈறு அழகாக மூடுவதையும், வலி குறைவதையும் நாங்கள் தெளிவாகப் பார்க்கிறோம். கீழ் ஞானப்பல் எடுத்த குழியில் வைத்தால், உறைகட்டி கழன்று எலும்பு வெளியே தெரிந்து, காதுவரை குத்தும் அந்தக் கொடிய வலி வருவது குறைகிறது. இதற்கு ஆய்வுகள் நிறையவே இருக்கின்றன. புதிதாகப் பல் எடுத்த குழியில் எலும்பு சுருங்குவதையும் ஓரளவு தடுக்கிறது. ஏற்கெனவே ஆறி முடிந்த நல்ல எலும்பில் வைக்கும் இம்பிளாண்டைச் சுற்றி இதைப் பூசினால், முதல் சில வாரங்களில் பிடிப்பு கொஞ்சம் கூடுதலாக அளவில் தெரிகிறது. ஆண்டுகள் கழித்து எத்தனை இம்பிளாண்ட் வாயில் நிற்கின்றன என்று பார்த்தால், வைத்தவருக்கும் வைக்காதவருக்கும் பெரிய வேறுபாடு நிறுவப்படவில்லை. இதில் வியப்பு எதுவும் இல்லை. ஸ்வீடனில் பிரோனேமார்க் முதல் நோயாளிக்கு டைட்டானியம் வேர்களை வைத்தது 1965-இல். பி.ஆர்.எஃப். வந்தது அதற்கு 36 ஆண்டுகள் கழித்து. அந்த முதல் நோயாளிக்கு வைத்த இம்பிளாண்டுகள் அவர் இறக்கும்வரை நாற்பது ஆண்டு நிலைத்தன. டைட்டானியமும் நல்ல எலும்பும் ஒன்றோடொன்று சேர்வதற்கு யாருடைய சிபாரிசும் வேண்டியதில்லை. அசையாமல் இறுக நட வேண்டும், துளையிடும்போது எலும்பைச் சூடாக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இப்போது உங்கள் ஸ்கேன். கீழ் இடப்பக்கம் எலும்பின் அகலம் 7 மில்லிமீட்டர், நரம்புக் குழாய்வரை உயரம் 13 என்று இருக்கிறது. நான்கு மில்லிமீட்டர் தடிமனுள்ள இம்பிளாண்டுக்குச் சுற்றிலும் எலும்பு மிஞ்சும். நரம்புக்கு மேலே இரண்டு மில்லிமீட்டர் விட்டாலும் 10 நீளம் தாராளமாகப் போகும். எட்டு மாதம் ஆறிய எலும்பு. இங்கே எலும்புத்தூளும் வேண்டாம், 5,000 ரூபாயும் வேண்டாம். உங்கள் மருத்துவர் அங்கே பி.ஆர்.எஃப். வைத்தால் கெடுதி இல்லை, ஈறு சீக்கிரம் ஆறலாம். ஆனால் அதற்காகக் கடன் வாங்க வேண்டாம்.

மேல் வலப்பக்கம் கதை வேறு. பல் எடுத்த ஆறு மாதத்தில் அந்த இடத்து எலும்பு அகலத்தில் சராசரியாக மூன்றரை, நான்கு மில்லிமீட்டர் போய்விடுகிறது. உயரத்திலும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் குறைகிறது. இயற்கை அப்படி, பல் இருந்தவரை அதற்காகவே இருந்த எலும்பு அது. உங்களுக்கு வேர் பிளந்திருப்பதால், பிளவு ஓடும் பக்கம் எலும்பு ஏற்கெனவே கொஞ்சம் கரைந்திருக்கும். போதாததற்கு மேல் கடைவாய்க்கு மேலே கன்னத்துக்குள் சைனஸ் என்னும் காற்றறை இருக்கிறது. பல் போனதும் அதன் தரை மெல்லக் கீழே இறங்கும். ஆகப் பல் எடுத்த அன்றே அந்தக் குழியைச் சுத்தமாகச் சுரண்டி, பி.ஆர்.எஃப். வைத்துத் தைப்பது நல்ல செலவு. வெளிச்சுவர் உடைந்திருந்தால் பி.ஆர்.எஃப். மட்டும் போதாது. நான் சொன்னேனே, இரண்டு வாரத்தில் அது கரைந்துவிடும். அதற்குப் பிறகு இடத்தைப் பிடித்து நிறுத்த ஏதாவது வேண்டும். அதற்குத்தான் எலும்புத்தூள். பி.ஆர்.எஃப்.பைப் பொடியாக நறுக்கித் தூளோடு பிசைந்தால் தூள் சிதறாமல் ஒரு கட்டியாக நிற்கும், வைக்கவும் எளிது.

அந்தத் தூளைப் பற்றி உங்கள் மகள் வாசித்துச் சொன்னது நல்லதாயிற்று. பரவலாகப் பயன்படும் தூள்களில் ஒன்று மாட்டு எலும்பிலிருந்து செய்வது. சதை, புரதம் எல்லாம் நீக்கி, தாதுக்கூடு மட்டும் மிஞ்சும்படி பதப்படுத்தியது. மருத்துவ முறையில் அதில் குறை இல்லை. தாது உப்புகளிலிருந்து செயற்கையாகச் செய்யும் தூளும் கிடைக்கிறது. மாட்டு எலும்பு உடம்பில் இருக்கக் கூடாது என்று நினைக்கும் குடும்பங்கள் உண்டு. அது தங்களுக்குத் தெரியாமல் வைக்கப்பட்டது என்று பிறகு அறிந்து என் முன்னால் கண் கலங்கிய ஓர் அம்மாவை நான் மறக்கவில்லை. எந்தத் தூள், எதிலிருந்து செய்தது என்று கேளுங்கள். டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள். அந்த மலையாளத் தாளை மகளை முழுக்க வாசித்துத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். அதன் பிறகும் புரியாததை மருத்துவர் உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். தோட்டங்களிலிருந்து என்னிடம் வரும் எத்தனையோ பேர், "எங்கே போடச் சொன்னார்களோ அங்கே போட்டேன் டாக்டரம்மா" என்கிறார்கள். உடம்பு உங்களுடையது. கேட்பதற்குத் தயங்க வேண்டியவர் நீங்கள் அல்ல.

இனி, நான் உண்மையில் சொல்ல வேண்டியது. பி.ஆர்.எஃப். வெளியிலிருந்து வரும் மருந்து இல்லை. உங்கள் இரத்தம் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் அந்தக் கட்டியும் இருக்கும், அது போய் உட்காரும் இடமும் இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் ஒருவருக்கு மூன்று இம்பிளாண்ட் வைத்தேன். அவர் காட்டிய சர்க்கரைச் சீட்டு பழையது. நான் புதிதாக ஒன்று எடுக்கச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. பி.ஆர்.எஃப். வைத்தோம், ஈறும் பத்து நாளில் மூடிக்கொண்டது, இருவருக்கும் மகிழ்ச்சி. மூன்றாம் மாதம் வந்தபோது நடு இம்பிளாண்ட் விரலால் தொட்டதும் ஆடியது. அன்று சோதித்த மூன்று மாதச் சராசரி 10-க்கு மேல். சர்க்கரை அதிகமாக இருந்தால் புது இரத்தக் குழாய் முளைப்பதும் எலும்பு படிவதும் மந்தமாகும், வெள்ளணுக்கள் கிருமியோடு போராடும் வலு குறையும். கம்பி எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் மண் சரியில்லாவிட்டால் கொடி ஏறாது. அந்தத் தவறு என்னுடையது. உங்களுக்கு அது நேரக் கூடாது என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

உங்கள் 8.6 எனக்குப் பிடிக்கவில்லை. எட்டுக்குக் கீழே வந்தால் பேசலாம், ஏழை ஒட்டி வந்தால் நிம்மதி. பீடியையும் விட்டாக வேண்டும். நிகோட்டின் இரத்தக் குழாயைச் சுருக்குகிறது. புகைப்பவர்களின் இம்பிளாண்ட் தோற்பது புகைக்காதவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. பல் எடுத்த குழியில் பீடியை உறிஞ்சினால், பார்த்துப் பார்த்து வைத்த கட்டியே கழன்று வெளியே வந்துவிடும். அறுவைக்கு முன் இரண்டு வாரமாவது, பின் எட்டு வாரமாவது அறவே கூடாது. எட்டு வாரம் விட்டவர்கள் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள் என்பதையும் பார்த்திருக்கிறேன்.

இதில் உங்களுக்குச் சாதகமான ஒன்று இருக்கிறது. மேல் குழியில் எலும்பு ஓரளவு ஆற மூன்று நான்கு மாதம் ஆகும். மூன்று மாதச் சராசரி மாறவும் அதே காலம்தான் பிடிக்கும், ஏனென்றால் சிவப்பணுவின் ஆயுளே ஏறத்தாழ 120 நாள். ஆகப் பிளந்த பல்லை இப்போதே எடுத்து, பி.ஆர்.எஃப். வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள். குழி ஆறும் அந்த மாதங்களில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். பிறகு புதிய ஸ்கேன், புதிய இரத்தச் சோதனை, இரண்டும் சரியாக இருந்தால் மேலும் கீழும் ஒரே நாளில் இம்பிளாண்ட். கீழ் எலும்பு இந்த நான்கு மாதத்தில் ஓடிவிடாது. இம்பிளாண்டின் மேல் தொப்பி, அதாவது வெளியே தெரியும் பல், போடக் கீழே இரண்டு மூன்று மாதம், மேலே எலும்பு மென்மை என்பதால் நான்கு முதல் ஆறு மாதம் பொறுக்க வேண்டும். மொத்தம் பத்து மாதம் என்று கணக்கு வையுங்கள். "எல்லாவற்றையும் ஒரு வாரத்தில் முடித்துத் தருகிறோம்" என்று யாராவது சொன்னால், உங்கள் சர்க்கரை அளவுக்கு அது ஒத்துவராது.

ஆஸ்பிரின் சாப்பிட்டால் பி.ஆர்.எஃப். கட்டி உருவாகுமா என்று தொலைபேசியில் கேட்டீர்கள். உருவாகும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மருந்து சாப்பிடுபவர்களுக்குத்தான் கட்டி தளர்ந்துபோகலாம். அவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அதேபோல, எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ சோலெட்ரானிக் ஊசி போட்டவர்கள், அலென்ட்ரோனேட் மாத்திரை சாப்பிடுபவர்கள் எந்தப் பல்லை எடுக்கும் முன்பும் அதைச் சொல்லியே ஆக வேண்டும். அவர்களில் சிலருக்குத் தாடை எலும்பு ஆறாமல் செத்துப்போகும் ஆபத்து இருக்கிறது. பல் வைத்தியத்துக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைத்துப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

உங்கள் மருத்துவர் சொன்னதை நான் மறுத்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தத் தாளை அவரிடமே காட்டுங்கள். கீழ்ப்பக்கத்துக்கு ஏன் வேண்டும் என்று அவர் காரணம் சொன்னால் கேளுங்கள். நேரில் வாயைப் பார்த்தவர் அவர், நான் காகிதத்தை மட்டும் பார்த்தவள். மனம் தெளியாவிட்டால் குமுளியிலிருந்து கோட்டயம் பஸ் ஏறினால் அங்கே அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே ஈறுநோய்ப் பிரிவில் ஒருமுறை காட்டலாம்.

சீசன் முடியட்டும், தைக்கு மேல் பார்க்கலாம் என்பதற்கு மட்டும் என்னால் சம்மதிக்க முடியாது. இம்பிளாண்ட் காத்திருக்கும், பிளந்த வேர் காத்திருக்காது. அந்த வெடிப்பு வழியே தினமும் கிருமி இறங்கிக்கொண்டிருக்கிறது. நீங்கள் பிறகு தேடப்போகும் எலும்பைத்தான் அது இப்போது தின்கிறது. வாய்க்குள் சீழ் இருக்கும்வரை சர்க்கரையும் இறங்க மறுக்கும். பல் எடுக்கவும் பி.ஆர்.எஃப். வைக்கவும் ஒரு மணி நேரம் போதும். ஸ்டோர் முதலாளியிடம் ஒரு நாள் விடுப்புக் கேளுங்கள். அன்று காலையும் சாப்பிட்டுவிட்டு, ஆஸ்பிரினையும் சர்க்கரை மாத்திரையையும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டு, மகளையும் கூட அழைத்துக்கொண்டு போங்கள்.